பாணனும் விறலியும் போன வழி

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈசிஆரில் அக்கரையைத் தாண்டி நின்றால், பைக்கில் போகும் ஜோடிகளை எண்ணி மாளாது. முட்டுக்காட்டில் படகு, வடநெம்மேலியில் முதலை, மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் ஒரு போட்டோ. ஆளுநர் ஆர்தர் லாலி 1908இல் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையாத கல் என்று ஊரில் சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, கல் அங்கேயேதான் இருக்கிறது.

இந்தக் கரைக்கு ஊர் பார்க்க வருவது நேற்று முளைத்த பழக்கமல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் பாடிய பெரும்பாணாற்றுப்படையே ஒரு வழிகாட்டி நூல்தான். வறுமையில் வாடும் பாணனை, காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் போகச் சொல்லி வழி காட்டுகிறது. அவன் தனியாகப் போகவில்லை. சுற்றமும் விறலியரும் கூடவே நடக்கிறார்கள்.

முதலில் வருவது வறண்ட நிலம். தமிழனுக்கு மணல் பாலைவனம் கிடையாது. கோடையில் காய்ந்துபோன நிலமே பாலை. அங்கே ஈந்தின் இலை வேய்ந்த குடிசை, தூரத்திலிருந்து பார்த்தால் முள்ளம்பன்றியின் முதுகு. உள்ளே மான்தோலில் பச்சைக் குழந்தையோடு ஒரு தாய் படுத்திருக்கிறாள். வேட்டுவக் குடியான எயினரின் மற்றப் பெண்கள் கடப்பாரையோடு போய், கரம்பைத் தரையைக் கிளறி, எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியை வாரிவருகிறார்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் உலையேற்றி, உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் சோறு. வழிப்போக்கன் எங்கே சாப்பிடலாம், என்ன கிடைக்கும் என்பதை இவ்வளவு அக்கறையாகச் சொல்லும் நூல் பிறகு தமிழில் அதிகம் வரவில்லை. அந்தணர் வீட்டில் கறிவேப்பிலையும் மிளகும் சேர்த்து வெண்ணெயில் பக்குவப்படுத்திய மாதுளங்காய், தொட்டுக்கொள்ள மாவடு. துறைமுகத்தில் கள்ளோடு பன்றிக்கறி.

சுங்கச்சாவடியும் உண்டு. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் உல்கு கட்டிப் போகும் பெருவழியை வில்வீரர்கள் காக்கிறார்கள். உத்தண்டி டோல்கேட்டில் 2002 முதல் கார்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு கட்டும் காசுக்கு அதுவே மூதாதை. நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில், ஏணி சார்த்தி ஏற வேண்டிய உயரத்தில் கலங்கரை விளக்கம் எரிகிறது. நீர்ப்பெயற்றுதான் மாமல்லபுரம் என்பது அறிஞர் சிலரின் கருத்து, ஒப்பாதவர்களும் உண்டு. மாமல்லபுரத்தில் பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியில் 1887இல் வெள்ளையர் விளக்கேற்றினார்கள். பக்கத்திலுள்ள இன்றைய கல் கோபுரம் 1904 முதல் எரிகிறது.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்த டச்சுக்காரர்கள் ஓய்வு கிடைத்தால் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார்கள். மலைமேல் ஒரே பாறையில் குடைந்த பல்லவர் குகை, ஒருகல் மண்டபம். அங்கே 17ஆம் நூற்றாண்டில் தங்கள் பெயர்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். சுற்றுலாத் தலத்தில் பெயர் கீறும் ஆசைக்கு நாட்டு வேற்றுமை இல்லை. கீறிய கை காலத்தால் முந்தியது என்பதால் அதற்குத் தொல்லியல் மதிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த மலைக்கு வந்தவர்களை இழுத்தது குகையல்ல, பறவை. உச்சிவேளைக்குச் சற்று முன்னே இரண்டு மஞ்சள்முகப் பாறுக் கழுகுகள் இறங்கும். அர்ச்சகர் நெய்யும் சர்க்கரையும் கலந்த சோற்றை வைப்பார், தின்றுவிட்டுப் பறந்துவிடும். காசியில் குளித்து ராமேசுவரத்தில் தொழுது இங்கே உண்ண வருவதாக நம்பிக்கை. சாபம் பெற்ற எட்டு முனிவர்களில் யுகத்துக்கு ஓர் இணையாக விடைபெற, மிஞ்சிய கடைசி இணை இது என்பார்கள். வராவிட்டால் கூட்டத்தில் பாவி இருக்கிறான் என்பார்கள். அன்றைக்கு ஐநூற்றுக்கும் மேற்பட்ட படி ஏறியவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்! வடநாட்டு யாத்திரிகர்களுக்கு இந்த ஊர் பட்சி தீர்த்தம்.

வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் கால்வாயில் வந்தார்கள். 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய நீர்வழி அது. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியில் கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரை வெட்டினார்கள். 1878இல் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரை வைத்தார்கள். சாயங்காலம் படகில் ஏறிப் படுத்தால் பொழுது விடியும்போது மாமல்லபுரம். 1965, 66 புயல்களுக்குப் பிறகு அந்தப் போக்குவரத்தும் ஓய்ந்தது.

இந்தக் கரையில் தங்கிவிட்ட தம்பதி ஒன்றும் உண்டு. ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் நண்பர்களோடு சேர்ந்து 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கினார்கள். அழிந்துகொண்டிருந்த முதலைகளைப் பெருக்குவதுதான் நோக்கம். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் செலவுக்கு உதவியது. தோல் வியாபாரம் தடைபட்டுப் பிழைப்பு இழந்த இருளர்கள் 1978இல் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பண்ணை வளாகத்திலேயே அவர்கள் விஷம் எடுப்பதை மக்கள் பார்க்கலாம். பாம்புக்கடி மருந்துக்கு நாடு நம்பியிருப்பது அந்தக் கைகளை.

1990களின் இறுதியில் மீனவக் கிராமங்களின் துண்டுச் சாலைகள் இணைந்து ஈசிஆர் பிறந்தது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வந்த கூட்டத்தில் பெரும்பகுதி கடலோரம் நகர்ந்தது. ஏறக்குறைய அதே சமயம், 1998இல், மலைக்கு வந்த கழுகுகளும் நின்றுபோயின. கலியுகம் முடிகிறது என்றார்கள் சிலர். அந்த ஆண்டுகளில் நாடெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக்கொத்தாக மாண்டன. மாட்டுக்குப் போடும் வலிமருந்து டைக்குளோஃபெனாக் காரணம் என்று தெரிந்து, அதைக் கால்நடைகளுக்குத் தர 2006இல் அரசு தடை விதித்தது.

அடுத்த முறை மாமல்லபுரம் போகிறவர்கள் மேற்கே பதினைந்து கிலோமீட்டர் திரும்பிப் பாருங்கள். பறவை வராது. ஒருகல் மண்டபத்தில் டச்சுக்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன. படித்துவிட்டு வாருங்கள், கையில் ஆணி மட்டும் வேண்டாம்.