எரிந்த வீடும் தாய்வழி உரிமையும்: மட்டக்களப்பு வாவிக்கரையின் மீள்கட்டுமானம் பற்றிய ஒரு நோக்கு

எரியுண்ட சொத்தை மீளக் கட்டுதல் பெரும்பாலும் நிவாரணம் சார்ந்த ஒரு பிரச்சினையாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. எத்தனை வீடுகள் எரிந்தன, எத்தனை கட்டப்பட்டன என்ற கணக்கோடு விடயம் முற்றுப்பெற்றுவிடுகின்றது. ஆனால் வீடென்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அது ஒரு சமூக உறவுமாகும். அதனை யார் யாருக்குக் கொடுத்தனர், அங்கு வந்து குடியேறுபவர் யார், அதனை விற்கவும் ஈடுவைக்கவும் உரித்துடையவர் யார் என்பனவெல்லாம் அதனுள் அடங்கும். தீயினால் அழிந்தவற்றுள் எவை மீண்டன, எவை மீளாமலே மறைந்தன என்ற வினாவை மட்டக்களப்பு வாவிக்கரையை ஆதாரமாகக் கொண்டு இங்கு ஆராய முனைகின்றோம்.

வாவியின் கிழக்கே கடலை அண்டிய எழுவான்கரையும், மேற்கே வயல்களை உள்ளடக்கிய படுவான்கரையும் ஒரே சமூக அமைப்பின் இரு பகுதிகளாகும். அவ்வமைப்பின் அடித்தளம் தாய்வழிக் குடிமுறை. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தோராவர். கோயில் உரிமைகளும் குடிவழியே வருவன. மணமாகும் மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்படும். மருமகனே அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். காத்தான்குடி முதலிய முஸ்லிம் ஊர்களிலும் இவ்வழக்கம் நிலவுவது மனங்கொளத்தக்கது. மதம் வேறாயினும் வீடு பெண்ணுடையது என்பதில் இரு சமூகங்களும் ஒன்றுபட்டிருந்தன.

இப்பிரதேசத்து மரபுரிமை வழக்குகளைக் கிறிஸ்தோப்பர் பிறிற்றோ ‘முக்குவர் சட்டம்’ பற்றிய தமது நூலில் 1876இல் தொகுத்தார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் அவ்வழக்கு நீதிமன்ற வலுவை இழந்தது. சட்டத்தில் அது மங்கிய பின்னரும் சீதன நடைமுறையில் நிலைத்தது. எனவே மட்டக்களப்புப் பெண்ணின் வீட்டுரிமை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக அரசின் சட்டத்திலன்றி ஊரின் வழக்கத்திலேயே பெரிதும் தங்கியிருந்தது எனலாம்.

இம்முறையை ஒரு பொற்காலமாகச் சித்திரித்தல் பொருந்தாது. போடியாரின் மகள் கல்வீட்டையும் வயற்காணியையும் பெற்றாள். வயலில் கூலிக்கு உழைத்தவனின் மகளுக்குக் கிடைத்தது மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட குடிலே. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் சுமை ஏழைக் குடும்பத்தைக் கடனுள் ஆழ்த்தியது. கோயிலதிகாரமும் வயல் நிருவாகமும் ஆண்கள் கையிலேயே இருந்தன. எனினும் கணவனால் கைவிடப்பட்டவளும் கைம்பெண்ணும் தெருவுக்கு வராதபடி காத்த ஒரு பொருளியற் காப்பு இம்முறையில் இருந்தது என்பதை மறுத்தலியலாது.

இக்காப்பின்மீதே தீ விழுந்தது. 1985 ஏப்பிரலில் இடம்பெற்ற தமிழ்–முஸ்லிம் மோதலின்போது, இதே பண்பாட்டு வட்டத்தைச் சேர்ந்த காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது தமிழரும் முஸ்லிம்களும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். 1991 யூன் 12ஆம் நாள், மண்முனைத் துறைக்கு அண்மையில் கண்ணிவெடியில் படையினர் இருவர் இறந்ததைத் தொடர்ந்து, படையினர் மகிழடித்தீவிலும் கொக்கட்டிச்சோலையை அண்டிய ஊர்களிலும் புகுந்து பொதுமக்களைக் கொன்றனர். வீடுகளுக்கும் தீ வைத்தனர். அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழு, 67 பேர் இறந்தனர் எனக் கண்டது. இருதரப்புச் சூட்டில் அகப்பட்டே அவர்கள் இறந்தனர் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. உயிரிழப்புக்கும் சொத்துச் சேதத்துக்கும் இழப்பீடு வழங்குமாறும் பரிந்துரைத்தது.

இழப்பீடென்னும் ஏற்பாட்டின் வர்க்கத் தன்மை இவ்விடத்து நோக்கற்பாலது. 1983 யூலை வன்செயலின் பின்னர் அவசரகால விதிகளின்கீழ், சேதமுற்ற ஆதனங்களும் வணிக நிலையங்களும் தொழிற்சாலைகளும் அரசுக்கு உரித்தாக்கப்பட்டன. உரிமையாளர் விண்ணப்பித்தே அவற்றை மீளப்பெற வேண்டியிருந்தது. அதற்கென உருவான புனர்வாழ்வு அதிகாரசபை 1987இன் 29ஆம் இலக்கச் சட்டத்தால் நிரந்தர வடிவம் பெற்றது. அதன் பணிகள் 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இழப்பீட்டுக்கான அலுவலகத்திடம் சென்றன. இவ்வேற்பாடுகள் பதிவும் கணக்கேடும் உறுதியும் உடைய ஒருவரையே முன்னிறுத்திச் சிந்தித்தன. கொழும்புக் கடைக்காரரிடம் அவை இருந்திருக்கலாம். வாவியில் வலை வீசியவனின் தோணிக்கும், குடிலின் மூலையில் இருந்த விதைநெல்லுக்கும் எந்த நொத்தாரிசு உறுதி எழுதினார்? உறுதி இருந்த இடத்திலும் அது வீட்டோடு சேர்ந்தே எரிந்தது. உடைமை அழிந்ததோடு உடைமைக்கான சான்றும் அழிந்தது.

பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்கள் அளவிற் பெரியன. உலக வங்கி 2004 டிசெம்பரில் 75 மில்லியன் டொலர் அனுமதித்த வடகிழக்கு வீடமைப்புத் திட்டமும், 2012இல் வடக்கில் தொடங்கிக் கிழக்குக்கும் விரிந்து வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கிய இந்திய வீடமைப்புத் திட்டமும், குடும்பங்கள் தாமே தம் வீட்டைக் கட்டும் முறையைக் கைக்கொண்டன. அவற்றால் ஆயிரக்கணக்கானோர் கூரை பெற்றனர் என்பது உண்மை. ஆயினும் காணியுரிமைச் சான்று கேட்கப்பட்ட இடங்களிலெல்லாம், வழக்கத்தால் மட்டும் உரிமை பெற்றவளே முதலில் தடுமாறினாள்.

இதற்கு மேலும் ஒரு காரணமுண்டு. அரச நிருவாகம் ‘குடும்பத் தலைவர்’ என்றால் ஆணையே கருதிப் பழகியது. 1935இன் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகனையே வைத்தது. அப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இலேயே வந்தது. 2004இன் கடற்கோளின் பின்னர் இம்முரண்பாடு வெளிப்படையாயிற்று. அழித்தது தீயன்று, நீர்; ஆயினும் மீள்கட்டுமானத்தின் தருக்கம் ஒன்றே. பெண்ணுக்குச் சீதனமாக வந்த வீடு போன இடத்தில் கட்டப்பட்ட வீடு கணவன் பெயரில் எழுதப்படலாயிற்று. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பின. மகளுக்குக் கொடுக்க வீடில்லையே என்ற தாய்மாரின் கவலையை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, பற்றீசியா லோறன்ஸ் ஆகியோரின் ஆய்வும் எடுத்துக்காட்டியது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், மீள்கட்டுமானம் நடுநிலையான செயலன்று என்பதே. பழைய இடத்தில் பழைய அளவில் ஒரு வீடு எழலாம்; ஆனால் உறுதியில் எழுதப்படும் பெயர் மாறுமாயின், ஒரு தலைமுறையில் தாய்வழி உடைமை ஆண்வழித் தனியுடைமையாகிவிடும். தீ வைத்தவன் கனவிலும் எண்ணியிராத சமூக மாற்றத்தை நிவாரணப் படிவம் ஓசையின்றி நிறைவேற்றிவிடுகின்றது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் கட்டிடம் மீண்டெழுந்தது. அங்கிருந்த ஏட்டுச்சுவடிகள் மீளவில்லை. அவ்விழப்பை உலகம் அறியும். ஓலைக்குடிலோடு அழிந்த பெண்ணின் உரிமைக்கோ பட்டியலேதும் இல்லை.

ஆகவே இழப்பைக் கணிக்கும்போது உறுதிப்பத்திரத்தோடு அயலவரின் சாட்சியத்தையும், குடிவழி அறிந்த ஊர்ப் பெரியோரின் வாக்கையும் சான்றாக ஏற்றல் வேண்டும். சீதனமாக வந்த வீட்டின் உறுதி பெண்ணின் பெயரிலேயே வழங்கப்படல் வேண்டும். தோணியும் வலையும் விதைநெல்லும் உழைப்புக் கருவிகள் என்ற வகையிலே மதிப்பிடப்படல் வேண்டும். கூலியுழைப்பாளிக்கு உழைப்பதற்கான வழி மீளாதவரை, கட்டிக் கொடுத்த வீடும் விரைவில் ஈட்டுக்கடைக்கே செல்லும். வீட்டை மட்டுமன்றி அதனுள் வாழ்ந்த உறவையும் மீட்பதே மீள்கட்டுமானம் என்ற சொல்லுக்குப் பொருந்தும் பணியாகும்.