பிரிக்பீல்ட்ஸ் தமிழரும் அரபுச் சொற்களும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் செங்கற்சூளைகளால் பெயர் பெற்றது. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், மரமும் அத்தாப்பும் நீங்கிச் செங்கல் வீடுகள் எழுந்தன. இரயில்வே வேலையை நாடிய தமிழர் பலர் அங்குக் குடியேறினர். அவர்தம் வழித்தோன்றல் ஒருவர் இன்று அரபுப் பேச்சுக் கற்கப் புகுந்தால், தாம் அறியாமலே பல அரபுச் சொற்களைப் பழகியிருப்பதைக் காண்பார். அவை இருவேறு வழிகளில் வந்தவை.

ஒன்று மலாய் வழி. கிழமைப் பெயர்களை நோக்குக. அஹாட், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ் என்பன, ஞாயிறு முதலாக எண்ணப்படும் ஒன்று முதல் ஐந்து வரையான அரபு எண்களின் அடியாகப் பிறந்தவை. நலம் வினவும் 'அபா காபார்' என்பதிலுள்ள காபார், 'செய்தி' எனப் பொருள்படும் அரபுச் சொல்லே. வணிகரும் சமய ஆசிரியரும் கொணர்ந்த சொற்கள் இவை. 1303ஆம் ஆண்டினது எனக் கருதப்படும் திரங்கானுக் கல்வெட்டு, மலாய்மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டமைக்குப் பழஞ்சான்று.

மற்றொன்று தமிழக வழி. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் பாரசீகம் அலுவல் மொழி. அதனூடே வந்த அரபுச் சொற்களைக் கும்பெனியாரும் கைவிடவில்லை. அசல், நகல், பாக்கி, வசூல், ரத்து, ஜில்லா, வக்கீல், கைதி ஆகியவற்றை நோக்கின், பெரும்பாலும் வரியும் வழக்கும் பற்றியனவாதல் விளங்கும். மலாய்க்கு அரபு ஓதுமிடத்திலும் துறைமுகத்திலும் அறிமுகமாயிற்று, தமிழர்க்கோ கச்சேரியில்.

ஒலியே இதற்குச் சான்று பகரும். டகரத்தை ஒத்த அழுத்தமான அரபு மெய் ஒன்றைப் பாரசீகர் ஜகரத்தை ஒட்டி ஒலித்தனர். ஆதலின் 'வந்திருத்தல்' குறித்த அரபுச் சொல் மலாயில் 'ஹாடிர்' என்றும், தமிழில் 'ஆஜர்' என்றும் நின்றது. நோன்பு மாதமும் மலாயில் ரமடான். பாரசீக வழியில் ரம்ஜான். அரபியை நேரே ஓதிப் பழகிய தமிழ் முஸ்லிம்கள் வழக்கிலோ ரமலான்.

ஆயினும் சொல் தெரிந்தமையால் பொருளும் தெரிந்ததென்று கொள்ளலாகாது. அரபியில் 'வக்கீல்' ஒருவர்க்காகச் செயற்படும் முகவர், மலாயில் 'வாக்கில்' பிரதிநிதி, தமிழில் வழக்கறிஞர். 'தகராறு' என்பதன் மூலச்சொல் அரபியில் 'திரும்பச் செய்தல்' என்றே பொருள்படும். அரபு நாட்டில் பேச விழையும் தமிழர், புதுச்சொற்களைக் கற்பதோடு, பழகிய சொற்களின் தமிழ்ப் பொருளைச் சற்றே ஒதுக்கிவைத்தலும் வேண்டும்.