பாட்டு மாமிகளின் சபை: சரோஜினி நகரில் ஒரு சங்கீத சரித்திரம்

1876-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் டெலவேர் என்னும் சிற்றூரில், தியோடர் பிரெஸ்ஸர் என்ற இசையாசிரியர் தம்மையொத்த ஆசிரியர் அறுபது பேருக்குச் சற்று மேற்பட்டவர்களைக் கூட்டி ஒரு தேசிய சங்கத்தை நிறுவினார். வீட்டு முன்னறையில் குழந்தைகளின் விரல்களைப் பியானோவின் கட்டைகள்மீது பழக்கிக் கொடுத்தே ஆயுளைக் கழிக்கும் ஆசிரியருக்கும் ஒரு தொழில் கௌரவம் உண்டு, அவர் கற்பிக்கும் முறைக்கு ஒரு நியதி வேண்டும் என்ற எண்ணத்தின்மேல் எழுந்த அச்சங்கம், பிராந்தியந்தோறும் ஊர்தோறும் கிளைகள் விட்டு இன்றளவும் ஜீவித்திருக்கிறது. அத்தகைய சங்கங்களுக்குப் பதவியாளர் பட்டியலும் ஆண்டறிக்கையும் உண்டாகையால் அவற்றின் சரித்திரத்தை எழுதுவது எளிது. தில்லி மாநகரின் தென்பகுதியில், சரோஜினி நகரின் அரசாங்கக் குடியிருப்புகளில், பல பத்தாண்டுகளாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்த தமிழ்ப் பெண்மணிகளின் சரித்திரமோ அவ்வளவு எளிதில் கைக்கு அகப்படுவதன்று. ஆயினும், தலைவரும் காரியதரிசியும் சந்தாப் புத்தகமும் இல்லாமலே, ஆசிரியர் சங்கம் ஒன்று செய்யக்கூடிய காரியங்களையெல்லாம் அவர்கள் செய்து வந்தார்கள் என்பதும், அப்பணி கச்சேரி வித்வான்களின் பணிக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்பதும் நிச்சயம்.

தமிழர் தில்லிக்கு வந்த வரலாறு உத்தியோகத்தின் வரலாறு. 1911 டிசம்பரில் இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு வெளியானதன்பின், ஆங்கிலப் படிப்பும் கணக்கில் தேர்ச்சியும் மணிமணியான கையெழுத்தும் கொண்ட தென்னாட்டு இளைஞர்கள் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் மத்திய சர்க்கார் காரியாலயங்களில் அமர்ந்தார்கள். வேனிற்காலத்தில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாகக் காரியாலயத்தோடு தாங்களும் இடம் பெயர்ந்து வாழ்ந்தார்கள். குழந்தைகளின் படிப்பே அவர்களுடைய முதற்கவலையாக இருந்ததற்கு, தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-லேயே மதராஸிக் கல்விக் கழகம் என்ற பெயரில் தோன்றியது சான்று. நாடு விடுதலையடைந்தபின் மத்திய அரசின் அலுவல்கள் பன்மடங்கு பெருகவே, 1950-களில் சப்தர்ஜங் விமானதளத்துக்கு அருகிலிருந்த நிலப்பரப்பில் விநய் நகர் என்ற பெயரில் வரிசை வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன. அதன் பிரதான பகுதிதான், கவிக்குயில் என்று தேசம் போற்றிய சரோஜினி நாயுடுவின் பெயரைப் பின்னாளில் தாங்கிச் சரோஜினி நகர் ஆயிற்று. பழைய குடியிருப்பாளர்களின் வாயில் மட்டும் விநய் நகர் என்ற பெயரே நெடுங்காலம் நின்றது.

அந்தக் குவார்ட்டர்ஸ்களின் அமைப்பைச் சிறிது கவனிக்க வேண்டும். இரண்டு அறைகள், ஒரு சமையற்கட்டு, ஒரு வராந்தா, கீழ்த்தளமாயின் ஒரு முற்றம். யாருக்கும் சொந்தமில்லாத அவ்வீடுகளில், பதவியின் தரத்துக்கேற்ப ஒதுக்கப்பட்டுக் குடியேறியவர்கள், ஒத்த வருவாயும் ஒத்த வயதுடைய குழந்தைகளும் உடையவர்களாக இருந்தார்கள். பத்து மணிக்குக் கணவர் சைக்கிளிலோ பஸ்ஸிலோ செயலகத்துக்குப் புறப்பட்டுப் போனபின், தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ பாலக்காட்டிலோ பத்து வயதுமுதல் சிட்சை பெற்று, விவாகமானதும் பாட்டு நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு வடக்கே வந்து சேர்ந்த இல்லத்தரசிக்கு, அண்டை வீட்டுக் குழந்தையின் தாயார் வந்து, "மாமி, எங்காத்துப் பெண்ணுக்கும் நாலு பாட்டுச் சொல்லிக் குடுங்கோளேன்" என்று கேட்கும் கேள்வியே நியமன உத்தரவு ஆயிற்று. அன்றுமுதல் அவர் அந்தத் தெருவின் பாட்டு மாமி. வெற்றிலை பாக்கு, தேங்காய், அவற்றின்மேல் ஒரு சிறு தொகை, இவற்றோடு விஜயதசமியன்று வகுப்பு ஆரம்பமாகும்.

வகுப்பு நடந்த விதத்தை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் உழைப்பு புலனாகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவிப் பொட்டிட்டுக்கொண்ட ஐந்தாறு பெண் குழந்தைகள் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்காருவார்கள்; ஓரிரு பையன்களும் இருப்பார்கள். மாமி சுருதிப் பெட்டியின் துருத்தியை ஒரு கையால் அசைத்துக்கொண்டே மறு கையால் தொடையில் ஆதிதாளம் போடுவார்: ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை, அதன்பின் தட்டி வீச்சு, மீண்டும் தட்டி வீச்சு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை மூன்று காலத்திலும் நிற்கும்வரை ஜண்டை வரிசைக்குப் போவதில்லை. ஏழு அலங்காரங்களும் தாளம் பிசகாமல் வரும்வரை கீதத்துக்குப் போவதில்லை. அடுப்பில் பால் பொங்கிற்றாயின் மாமி உள்ளே எழுந்து செல்வார். ஆனால் அங்கிருந்தபடியே, "காந்தாரம் எறங்கறது பார்" என்று குரல் கொடுப்பார். தில்லியின் மார்கழி, தை மாதக் குளிரில் தொண்டை திறவாதாகையால், விடுமுறை நாட்களில் வகுப்பு முற்றத்து வெயிலுக்கு மாறும். வைகாசி, ஆனி மாதங்களின் அனற்காற்றிலோ, ஈரத் துணி போர்த்திக் காப்பாற்றப்படும் தம்பூராவும் சுருதி நிற்காமல் சோதிக்கும்.

இத்தனை வீடுகளிலும் பாடமுறை ஒன்றாகவே இருந்ததற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் ஆரம்பப் பயிற்சி முறை நெடுநாளாக வழக்கில் இருந்தது உண்மையே. எனினும், சங்கீதம் கற்பிப்பதையே ஒரு தனி வித்தையாகக் கொண்டு அதற்கென ஆசிரியர்களைத் தயாரிக்கும் முயற்சி, சென்னை மியூசிக் அகாடமி 1931-இல் டைகர் வரதாச்சாரியாரைத் தலைமையாகக் கொண்டு தொடங்கிய ஆசிரியர் கல்லூரியாலும், பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி பல பாகங்களாக இயற்றிய பாடநூல்களாலும் உறுதிப்பட்டது. ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயரின் 'கானாம்ருத போதினி' போன்ற ஸ்வரப்படுத்திய நூல்கள் அச்சில் வந்தபின், மயிலாப்பூரில் பயின்றவருக்கும் விநய் நகரில் பயின்றவருக்கும் பாடத்தில் வேற்றுமை இல்லாது போயிற்று. தகப்பனாருக்கு மாற்றல் ஆகிப் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ குடும்பம் பெயர்ந்தால், குழந்தை புதிய ஊரின் பாட்டு மாமியிடம், "மோகன வர்ணம் பாதி ஆயிருக்கு" என்று சொல்லும்; மறு வாரமே மற்றப் பாதி தொடங்கிவிடும். சங்கங்கள் விதிமுறை வகுத்துச் சாதிக்கும் ஒருமைப்பாட்டை இந்தப் பெண்மணிகள் பழக்கத்தாலேயே சாதித்தார்கள்.

பியானோவும் இவர்களுக்கு வெகுதூரத்தில் இருக்கவில்லை. 1953-இல் தோன்றிய தில்லி மியூசிக் சொசைட்டி நடத்தும் மேனாட்டு இசைப் பள்ளி, சரோஜினி நகருக்கு அண்மையிலுள்ள சாணக்கியபுரியிலேயே இயங்குகிறது. லண்டன் நகரத்துத் தேர்வுக் குழுக்கள் வகுத்த படிப்படியான பரீட்சைகளுக்கு மாணாக்கரை அங்கே தயார் செய்கிறார்கள். எனினும், ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொரு ஸ்வரத்துக்கு வழுக்கியும் அசைத்தும் செல்லும் கமகமே உயிராகிய நம் சங்கீதத்துக்கு, ஒவ்வொரு ஸ்தானத்தையும் தனித்தனிக் கட்டையில் நிலைநிறுத்திய வாத்தியம் முழுதும் இசைவதில்லை. இந்தக் காரணத்தை முன்னிட்டே அகில இந்திய வானொலி 1940-முதல் 1971-வரை ஆர்மோனியத்துக்குத் தன் நிலையங்களில் இடமில்லையென்று விலக்கி வைத்திருந்தது. ஆயினும், பெண்களுக்கு ஐந்து கட்டை, ஆண்களுக்கு ஒரு கட்டை என்று சுருதியை அளந்து வைக்க நம் ஆசிரியைகள் கொண்ட அளவுகோல் அந்த ஆர்மோனியத்தின் கட்டைகளே. மேனாட்டு வாத்தியத்திலிருந்து வேண்டிய அளவையும் ஆதார சுருதியையும் எடுத்துக்கொண்டு, கானத்தைக் குரலுக்கே உரிமையாக்கிய இந்த விவேகம் வகுப்பறை அனுபவத்தில் விளைந்தது.

வானொலியே இவர்களுடைய மாணாக்கருக்குப் பரீட்சை மண்டபமாகவும் அமைந்தது. 1936 ஜனவரி முதல் நாள் தில்லி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952-இல் தேசிய சங்கீத நிகழ்ச்சியும், பண்டிட் ரவிசங்கரும் டி.கே. ஜயராமய்யரும் முன்னின்று நடத்திய வாத்திய விருந்தமும் தோன்றின. பிற்காலத்தில் வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி அவ்வாத்திய விருந்தத்தின் பொறுப்பை ஏற்றுத் தில்லியில் வசித்தார். அத்தகைய மகாவித்வான்கள் உத்தியோக நிமித்தம் அதே நகரில் வாழ்ந்தது, வடக்கே வளர்ந்த குழந்தைகளுக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். 1969-இல் இளைஞர்களுக்கென்று யுவவாணி ஒலிபரப்புத் தொடங்கியபின், கல்லூரி வயதினர் மைக்கின் முன் அமர்ந்து பாடும் வாய்ப்பு எட்டக்கூடியதாயிற்று. வகுப்பில் நன்கு தேறியவர்களுக்கு மேற்படிப்புக்கும் வழி பிறந்தது: தில்லிப் பல்கலைக்கழகம் 1960-இல் சங்கீதத்துக்கும் நுண்கலைகளுக்குமாக ஒரு புலத்தை நிறுவி, அதில் கர்நாடக இசைக்கும் இடமளித்தது, அங்கே டி.ஆர். சுப்பிரமணியம் போன்ற பேராசிரியர்கள் கற்பித்தார்கள். அந்த வாசலை மாணாக்கர் அடைவதற்குமுன் ஏறிய படிகளோ குவார்ட்டர்ஸ் வராந்தாக்களில் இருந்தவை.

சங்கங்களுக்கு ஆண்டு விழா உண்டென்றால், இவர்களுக்கு ஆண்டு முழுவதும் விழா. சரோஜினி நகர் விநாயகர் ஆலயமும், 1973-இல் கும்பாபிஷேகம் கண்ட இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரும், இவ்வட்டாரத் தென்னாட்டாருக்கு வழிபாட்டிடமாக விளங்கியதோடு, குழந்தைகள் முதன்முதலாகப் பிறர் முன்னிலையில் வாய் திறந்து பாடும் இடங்களாகவும் ஆயின. நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும், ஒரு பக்கம் ராமலீலா மேளமும் மறுபக்கம் துர்க்கா பூஜை முழக்கமும் கேட்கும் அந்த நகரில், பட்டுப்பாவாடை கட்டிய சிறுமிகள் கொலு வைத்த வீடுதோறும் சென்று ஒரு பாட்டுப் பாடி, சுண்டலும் மஞ்சள் குங்குமமும் பெற்று வருவது வழக்கம். எந்த மாமியின் சிஷ்யை எந்தக் கிருதியை எவ்வளவு சுத்தமாகப் பாடினாள் என்பது மறுநாள் பாபு மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் இடத்தில் ஆராயப்படும். அதைவிடக் கண்டிப்பான பரீட்சகர் குழு எந்தச் சங்கத்துக்கும் வாய்த்ததில்லை.

தை மாதத்துத் தியாகராஜ ஆராதனையோ இந்த ஆசிரியைகளின் மகாசபை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தின கிருதிகளைக் கூடிப் பாடுவதற்கு, வேறு வேறு வீடுகளில் வேறு வேறு பாடாந்தரத்தில் பயின்றவர்கள், எந்தச் சரணத்தில் எந்தச் சங்கதி என்று முன்கூட்டியே பேசி ஒன்றுபட வேண்டியிருந்தது. ஒருத்தி தன் குருவின் பாடத்தை விட்டுக்கொடுப்பதும், மற்றொருத்தி அதற்கு ஈடாக வேறோர் இடத்தில் இணங்குவதும், இதனால் தெருவுக்கொரு பாடாந்தரம் என்பது மாறி ஊருக்கொரு பாடாந்தரம் உருவாவதும், தில்லியில் மட்டுமின்றித் தமிழர் குடியேறிய ஊர்களிலெல்லாம் நடந்த ஒரு மௌனமான சமரசம். வராளி ராகத்தைக் குரு நேரே சொல்லிக்கொடுத்தால் குரு சிஷ்ய உறவு கெடும் என்ற பழைய நம்பிக்கையை மதித்தவர்கள், அக்கிருதியை மட்டும் கோஷ்டியில் கேட்டே கற்கும்படி தம் மாணாக்கரைப் பின்வரிசையில் அமர்த்தினார்கள். ஆதலால், கூடிப் பாடுவது அவர்களுக்கு விழாவாக இருந்ததோடு பாடமாகவும் இருந்தது.

இந்தச் சமூகத்தின் ஆயுளை நிர்ணயித்தது அரசாங்க விதி. ஓய்வு பெற்ற ஊழியர் குறித்த அவகாசத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அந்த ஓய்வு வயதோ 1962-வரை ஐம்பத்தைந்து, பின்னர் ஐம்பத்தெட்டு, 1998-முதல் அறுபது. கணவர் ஓய்வு பெறும் நாளில் மனைவியின் வகுப்பும் கலையும். ஜனக்புரி, முனிர்க்கா, மயூர் விஹார் என்று சொந்த வீடு தேடிச் சென்றவர்களிற் பலர் அங்கே மீண்டும் ஜமக்காளத்தை விரித்தார்கள். சிலர் சென்னைக்குத் திரும்பினார்கள். கலைந்த வகுப்பின் குழந்தைகளை அடுத்த தெரு மாமி ஏற்றுக்கொள்வது எழுதப்படாத தர்மமாக இருந்தது. இன்று அந்தத் தெருக்களும் இல்லை. 2016 ஜூலையில் மத்திய அரசு ஏழு குடியிருப்புகளைப் புதுக்கித் தர முடிவு செய்து, 12,970 பழைய வீடுகளுக்கு மாற்றாக ஏறத்தாழ 25,667 புதிய வீடுகளைக் கட்ட ஏற்பாடு செய்தது. சரோஜினி நகர் அவ்வேழில் ஒன்று. முற்றங்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுகின்றன.

வீடு இடிவதற்காக வருந்துவதைக் காட்டிலும், பதிவு இல்லாமற் போவதற்காக வருந்துவதே தகும். தில்லித் தமிழரின் எழுத்துலகுக்கு, 1965-இல் அங்கே தோன்றிய 'கணையாழி' இலக்கிய இதழ் ஒரு சாசனமாக நிற்கிறது; வானொலியில் பணியாற்றத் தில்லிக்கு வந்த எழுத்தாளர் தி. ஜானகிராமனின் பெயரும் பணியும் நிலைத்திருக்கின்றன. அதே நகரில் அதே ஆண்டுகளில், ஒவ்வொருவரும் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குச் சுருதியும் லயமும் ஊட்டிய ஆசிரியைகளுக்கோ எந்த ஏடும் இல்லை; கச்சேரி துண்டுப் பிரசுரங்களில் அவர்களுடைய சிஷ்யைகளின் பெயர் உண்டு, அவர்கள் பெயர் இல்லை. இவர்களிடம் பயின்றவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதினராகத் தில்லியிலும் பிற தேசங்களிலும் பரவி வாழ்கிறார்கள். அவர்களிடம் பழைய நோட்டுப் புத்தகங்கள் உண்டு, ஞாபகம் உண்டு, பாடாந்தரமும் உண்டு. 1946 முதல் தொண்டாற்றிவரும் தில்லித் தமிழ்ச் சங்கமும், நகரின் சங்கீத சபைகளும், தமிழ்ப் பள்ளிகளின் பழைய மாணவர்களும் மனம் வைத்தால், அந்த நோட்டுப் புத்தகங்களைத் திரட்டி, பிரதி எடுத்து, எந்தத் தெருவில் யார் எத்தனை காலம் எவ்வழிப் பாடம் சொன்னார் என்பதை எழுதி வைத்துவிடலாம். பொருட்செலவு அதிகமாகாது, தாமதம் மட்டுமே ஆபத்து. மேடையில் பாடியவர்களின் வரலாற்றை மட்டும் எழுதிவிட்டு அதனையே சங்கீதத்தின் வரலாறு என்று நாம் சொல்லிவருகிறோம். அந்த மேடைக்கு எதிரே அமர்ந்து தாளம் போடத் தெரிந்த ஒரு சபையை உண்டாக்கியவர்கள் பாட்டு மாமிகள். அவர்கள் பெயர் ஏறாதவரை அந்த வரலாறு பாதி வரலாறே.