சுருங்கிய இரைப்பையும் துறைமுக மாவட்டத்தின் அடுக்களையும்: உடற்பருமன் சத்திரசிகிச்சைக்குப் பின்னான வாழ்வு பற்றி

உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சை பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தொடங்கி எடைத் தராசில் முடிந்துவிடுகின்றன. வீடு திரும்பிய நோயாளி என்ன உண்கிறார், யாரோடு உண்கிறார், வாந்தி நிற்காத இரவில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார் என்பதெல்லாம் 'நோயாளியின் ஒத்துழைப்பு' என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் ஒதுக்கப்படுகிறது. எடை மறுபடி ஏறினால் குற்றமும் அவர் தலையிலேயே விழுகிறது. திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து இந்தப் பார்வையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்குள்ள ஒருவருக்கு இந்தச் சத்திரசிகிச்சை கொழும்பில் நடக்கிறது, வசதியுள்ளவருக்குச் சென்னையில். தேறுதல் மட்டும் கிண்ணியாவிலும் மூதூரிலும் உப்புவெளியிலும் நடந்தாக வேண்டும். அந்தத் தேறுதலை நடத்தும் பொறுப்பு நோயாளியின் மனவுறுதிக்கு உரியதல்ல. மாவட்டத்தின் வார்டுகளுக்கும் வீடுகளுக்குமே உரியது.

சத்திரசிகிச்சை செய்வதையும் செய்யாததையும் முதலில் பிரித்துப் பார்ப்போம். இன்று அதிகம் செய்யப்படும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதம் வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சுவது 100 முதல் 150 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு குழாய். பசியைத் தூண்டும் ஹோர்மோனில் பெரும்பகுதி அகற்றப்பட்ட பாகத்தில் சுரப்பது என்பதால் பசியும் அடங்குகிறது. மற்றது, சிறு பை ஒன்றை மட்டும் விட்டு உணவைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குத் திருப்பும் மாற்றுவழி முறை. 1966 இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது அது. நீண்டகாலப் பலனுக்குச் சுவீடனில் 1987 இல் ஆரம்பித்த ஆய்வே இன்றும் முதற்சான்று. சத்திரசிகிச்சை பெற்றவர்களின் இறப்பு ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு என்று 2007 இல் அது காட்டியது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாற்றுவழி முறையில் முதல் ஓரிரு ஆண்டில் 32 சதவீதமாக இருந்த எடையிழப்பு பத்தாம் ஆண்டில் 25 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இரைப்பையைச் சுற்றிப் பட்டி கட்டும் முறையில் 20 சதவீதம் 14 ஆகியது. அதாவது, கத்தியின் உச்சப் பலன் இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு நிலைக்கிறது என்பதில் சூழலின் பங்கு பெரியது.

அந்தச் சூழல் பற்றி நாடு அறிந்தது எவ்வளவு? தெற்காசிய உடல்களில் நீரிழிவு குறைந்த எடையிலேயே தலைகாட்டுவதால், உடற்திணிவுச் சுட்டெண் 23, 27.5 ஆகியவற்றை ஆசிய மக்களுக்கான எச்சரிக்கைப் புள்ளிகளாக உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு 2004 இல் முன்வைத்தது. 2022 இல் வெளியான சர்வதேச வழிகாட்டலும் ஆசியருக்கு 27.5 இலிருந்தே சத்திரசிகிச்சையைக் கருதலாம் என்கிறது. பிரசாத் கட்டுலந்தவும் சகாக்களும் 2005-06 இல் நடத்திய இலங்கை நீரிழிவு, இருதயநோய் ஆய்வு இந்த அளவுகோலைக் கொண்டே நாட்டின் பருமனைக் கணித்தது. ஆனால் யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. ஒன்பது மாகாணங்களில் ஏழுதான். ஆய்வாளர்களைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. 2006 இல் மூதூர் மக்கள் ஊரைவிட்டே ஓடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு எடுக்க எவர் இருந்தார்? ஆனாலும் தேசியக் கொள்கை வடிவம் பெற்ற ஆண்டுகளில் இந்தக் கரை பட்டினியின் நிலமாக மட்டுமே பார்க்கப்பட்டது என்ற விளைவு மிஞ்சிவிட்டது.

பட்டினியின் நினைவு இங்கே உணவு மேசையிலும் உட்கார்ந்திருக்கிறது. 1990 இடப்பெயர்வு, 2004 ஆழிப்பேரலை, 2006 மறுபடி இடப்பெயர்வு என்று வாழ்ந்த தலைமுறைக்கு உடல் மெலிவது நல்ல செய்தி அல்ல. ஆறு மாதத்தில் முப்பது கிலோ குறைந்த ஒருவரைச் சந்தையில் கண்டால் "என்ன இப்படி மெலிஞ்சு போனியள், சீனி வருத்தமோ?" என்றுதான் கேட்பார்கள். கேட்பவரிடம் அக்கறையே உள்ளது. கேட்கப்படுபவருக்கோ அது ஒவ்வொரு நாளும் கட்ட வேண்டிய வரி. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் தலைமுடி கொட்டத் தொடங்குவதும், கன்னமும் கைச்சதையும் தொங்குவதும் அந்த ஐயத்துக்குச் சாட்சியாகிவிடுகின்றன. முடி பெரும்பாலும் திரும்ப வளரும். தோல் அப்படித் திரும்பாது.

நோயாளி கையோடு கொண்டுவரும் உணவுத்தாளும் அந்நியமானதே. சென்னையில் தரப்படும் தாளில் இட்லியும் பனீரும் வருகின்றன. கொழும்பில் தரப்படுவது பல சமயம் ஆங்கிலத்தில் இருக்கும். திருகோணமலையின் அடுக்களையில் இருப்பது இடியப்பம், சொதி, புட்டு, மீன், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாண். சீனக்குடாவில் 1980 இல் இயங்கத் தொடங்கிய பிரிமா மா ஆலை நாட்டின் காலை உணவையே மாற்றிய ஆலைகளில் ஒன்று. காலையில் பாண், இரவில் ரொட்டியோ கொத்தோ என்ற பழக்கத்துக்கு இந்தத் துறைமுகமும் ஒரு வாசல். சுருங்கிய இரைப்பை மிகச் சிரமப்பட்டு ஏற்கும் உணவுகளில் முன்னிற்பதும் புதிய பாண்தான். எச்சிலோடு கலந்து களியாகி, குழாயின் ஒடுங்கிய இடத்தில் அடைத்துக்கொள்ளும். பராட்டாவுக்கும் அதே குணம். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்ற விதியை வைத்துப் பார்த்தால், பாணால் நிரம்பிய சிறு வயிற்றில் மீனுக்கு இடமே இருக்காது.

ஆனால் இந்த மாவட்டத்துக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. டின்னில் விற்கும் புரதத் தூளுக்குக் காசு இல்லாத வீட்டிலும் சூடையும் நெத்தலியும் சூரையும் வந்து சேரும். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம். கொழும்பில் உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்ட நாட்களில் முட்டையும் கோழியும் எட்டாத பொருளாகின. அப்போதும் கரைவலை இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. இதில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். மாவட்டத்தின் உட்பகுதியில், குறிப்பாகப் பதவி சிறிபுரப் பக்கத்தில், காரணம் துலங்காத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. அங்கிருந்து வருபவருக்குப் புரத அளவைச் சொல்லுமுன் சிறுநீரகத்தைப் பரிசோதிப்பது கட்டாயம்.

ஈழத்துத் தமிழ் வீடுகளில் ஏற்கனவே உள்ள ஒரு நடைமுறை என் வாதத்துக்கு மையமானது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் வைக்கிறோம். சரக்கரைத்த கறி, முள் நீக்கிய சிறுமீன், உதிர்த்து வறுத்த சுறா வறை, காரம் குறைத்த குழம்பு. அளவாக, அடிக்கடி, வேறாகச் சமைத்து. வீட்டில் ஒருவர் எல்லோரையும் போலச் சாப்பிடாதிருப்பது குறையாகவோ அவமரியாதையாகவோ தோன்றாத ஒரே காலம் அது. முஸ்லிம் வீடுகளிலும் நாற்பது நாட் பராமரிப்பு இதே இயல்பினது. சத்திரசிகிச்சைக்குப் பின்னான உணவுப் படிகளை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு கஞ்சி, பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, ஆறு முதல் எட்டு வாரமளவில் திட உணவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கால அளவு. உதிர்த்த மீனும் குழைந்த பருப்பும் இரண்டிலும் பொருந்தும். 'டயட்' என்று சொன்னால் முகம் சுளிக்கும் மாமி, பத்தியம் என்றால் உரலை எடுத்துவிடுவார். அந்த அதிகாரத்தை வைத்தியத்துறை ஏன் பயன்படுத்தவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

சிக்கலும் அதே இடத்திலேயே முளைக்கிறது. பத்தியத்துக்கு முடிவு நாள் உண்டு. துடக்குக் கழிந்தால் தாய் பழைய உணவுக்குத் திரும்பலாம். சத்திரசிகிச்சை பெற்றவருக்குத் திரும்பும் நாள் இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தோடு கிளினிக்கின் உணவுப் படிகளும் முடிகின்றன, சமூகம் தந்த அனுமதியும் முடிகிறது. உண்மையான கடினம் தொடங்குவது அப்போதுதான். கல்யாண வீட்டில் "இதென்ன, கோழிக்குஞ்சு மாதிரிக் கொத்துறியள்" என்பார்கள். வட்டிலப்பமோ பாயாசமோ ஒரு கிண்ணம் உள்ளே போன அரை மணிநேரத்துக்குள், குறிப்பாக மாற்றுவழி முறையில், நெஞ்சு படபடத்து வியர்த்துத் தலைசுற்றும். ஓரிரு மணிநேரம் கழித்துக் குருதிச் சீனி சடுதியாக விழவும் கூடும். சபையில் மயங்குவதைவிடச் சபைக்கே போகாதிருப்பது மேல் என்று பலர் முடிவெடுப்பது இயல்பே. கிண்ணியாவின் சஹன் விருந்தை இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். ஒரே தட்டைச் சுற்றிப் பலர் இருந்து உண்ணும்போது எவர் எவ்வளவு உண்டார் என்று யாரும் எண்ணுவதில்லை. வாழையிலையில் விட்ட மிச்சத்தைப் போல அது காட்டிக்கொடுக்காது. ஆனால் ஒவ்வொரு வாயையும் இருபது தரம் மென்று உண்பவர் சஹனின் வேகத்துக்கு ஈடுகொடுக்கமாட்டார். அளவை மறைக்கும் விருந்து வேகத்தை மறைப்பதில்லை.

ரமழான் நோன்பு இதைவிடச் சிக்கலானது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மிகப் பெரிய சமூகம் முஸ்லிம்கள். நாளுக்கு ஒன்றரை லீற்றர் நீரைச் சிறு மிடறுகளாக, உணவோடு கலக்காமல் அருந்த வேண்டிய ஒருவர் அந்திநேர மஃரிபுக்கும் விடியுமுன் ஸஹருக்கும் இடையில் அதை முடிப்பது கடினம். திருகோணமலை வெயிலில் இன்னும் கடினம். முதல் ஆண்டில் நோன்பைத் தவிர்க்குமாறே பொதுவாக அறிவுறுத்துகிறார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இவர் நோயாளியாகத் தெரிவதில்லை. முன்னைவிடச் சுறுசுறுப்பாக நடக்கிறார். சலுகையை எடுத்தால் கேள்வி வரும், கேள்விக்குப் பதில் சொன்னால் சத்திரசிகிச்சையை ஊர் அறியும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் நீரோடு இருக்க விரும்பும் இந்துப் பெண்ணின் நிலையும் வேறல்ல. கிளினிக்கில் இதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், பள்ளிவாசல் மௌலவியிடமோ கோயில் குருக்களிடமோ முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை சங்கடங்கள். இனிச் சொல்வது உயிரை எடுக்கக்கூடியது. சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் விடாத வாந்தி வந்தால் உடலிலுள்ள தயமின், அதாவது விற்றமின் பி1, இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். தீட்டிய வெள்ளையரிசிக் கஞ்சியை மட்டும் குடிப்பவருக்கு இன்னும் விரைவாக. இந்தக் குறைபாடு இலங்கைக்குப் புதிதல்ல. பிரித்தானியர் வந்த தொடக்க ஆண்டுகளில் தீவிலிருந்த அவர்களது படைகளை இக்குறைபாட்டு நோயான பெரிபெரி வாட்டியது. 1890 களில் ஜாவாவில் கோழிகளை வைத்து ஐக்மன் என்ற மருத்துவர் கண்டறிந்ததும், தீட்டிய அரிசி இழந்துவிடும் இந்தப் பொருள் இல்லாததன் பின்விளைவைத்தான். நம் புழுங்கல் அரிசி அவிக்கும்போது தயமினின் ஒரு பகுதியை உள்ளே ஈர்த்துக் காத்துக்கொள்கிறது என்பது ஒரு சிறு ஆறுதல். இப்போது ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மூதூரில் ஒரு பெண் பத்து நாளாக வாந்தியெடுக்கிறார். ஆதார வைத்தியசாலையில் சோர்வுக்குச் சேலைன் ஏற்றுகிறார்கள், அதோடு டெக்ஸ்ட்ரோஸும், அதாவது குளுக்கோஸும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், எஞ்சிய துளியும் அதை எரிப்பதில் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். மூன்றும் ஒன்றாகத் தெரிபவர்கள் சிறுபான்மையே என்பதால் தவறவிடுவதும் எளிது. பிழைத்தாலும் நினைவாற்றல் திரும்பாமல் போகலாம். இதைத் தடுப்பது விலை குறைந்த ஒரு ஊசிமருந்தும், "முதலில் தயமின், பிறகு குளுக்கோஸ்" என்ற ஒரு வரி அறிவும்தான்.

இங்கே 'ஒத்துழைப்பு' வாதம் உடைந்துவிடுகிறது. அந்தப் பெண் ஒத்துழைக்கத் தவறவில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். சத்திரசிகிச்சை செய்த ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருந்திருக்கும், வீட்டு அலுமாரியில் இருந்திருக்கும். மாமியாருக்குத் தெரியக்கூடாதென்று மறைக்கப்பட்டும் இருந்திருக்கலாம். கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர், இரவு ரயிலிலோ பேருந்திலோ ஓர் இரவு. உடல் வறண்ட நிலையில் அவ்வளவு நேரம் கால் மடக்கி இருப்பதே குருதி உறைவுக்கு வழி. "பிரச்சினை என்றால் எங்களிடம் வாருங்கள்" என்பது கொழும்பில் குடியிருப்பவருக்குச் சொல்லும் அறிவுரை.

இதற்கு எழக்கூடிய மறுப்பு இது: இத்தகைய நோயாளிகள் மாவட்டத்தில் ஒரு சிலரே, அவர்களுக்கெனத் தனிச் சேவை, மருந்துத் தட்டுப்பாட்டை இன்னும் மறக்காத ஒரு நாட்டுக்கு ஆடம்பரம். தனிச் சேவையை நானும் கேட்கவில்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவுச் சுவரில் ஒட்ட ஒரு தாள், தமிழிலும் சிங்களத்திலும். நோயாளியின் பணப்பையில் வைக்க ஓர் அட்டை: எந்தச் சத்திரசிகிச்சை, எந்தத் திகதி, வாந்தியென்றால் என்ன, வலது விலாவுக்குக் கீழ் வலித்தால் பித்தக்கல்லை ஏன் சந்தேகிக்க வேண்டும். நீரிழிவு கிளினிக்கிலேயே ஆண்டுக்கொருமுறை இரும்பு, பி12 பரிசோதனை. நோயாளி ஒரு சிலர் என்பதாலேயே தாள் வேண்டும். அன்றாடம் வருபவரை வார்டு தன் அனுபவத்தால் அறியும். ஆண்டுக்கு ஒருவராய் வருபவரைத் தாள்தான் அறிமுகப்படுத்த வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உரிய இரு விடயங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று மது. மாற்றுவழி முறைக்குப் பின் சாராயம் வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் மதுசார்பு நோய் சத்திரசிகிச்சைக்கு முன் 7.6 சதவீதமாகவும் இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாகவும் இருந்தது. கடலுக்குப் போய் வந்து இரண்டு கிளாஸ் எடுப்பவர்களிடம் இதை ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும், அதுவும் மனைவிக்கு முன்னால் அல்ல.

மற்றது கர்ப்பம். எடை இறங்கும்போது நின்றுபோன மாதவிடாய் திரும்புகிறது. ஆண்டுக்கணக்காகப் பிள்ளையில்லாதிருந்தவர் எதிர்பாராமல் கருவுறுகிறார். வீட்டில் அது கொண்டாட்டம். ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்களுக்குக் கருவைத் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தாயே தேய்ந்துகொண்டிருக்கும்போது கருவுக்குக் கொடுக்க இரும்பும் போலிக் அமிலமும் போதாது. கருத்தடை மாத்திரையும், குடல் மாற்றப்பட்டவரிடம் நம்பத்தக்கதல்ல. இங்கேதான் குடும்பநல உத்தியோகத்தர் வருகிறார். மாவட்டத்தின் சுகாதாரப் பணியாளர்களில் வீட்டு வாசலைத் தாண்டி அடுக்களை வரை போகக்கூடியவர் பெரும்பாலும் அவர்தான். தம்பதியரின் பதிவேடும் அவர் கையில். டயக்னோசிஸ் கார்டின் ஒரு பிரதி, நோயாளியின் சம்மதத்தோடு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ச் சேர்ந்தால், அடுத்த வீட்டுத் தரிசிப்பில் அவர் கேட்கும் முதற் கேள்வி குடும்பத் திட்டமிடல் பற்றியதாக இருக்கும். இரண்டாவது, பி12 ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதாக.