கணினி செத்ததா, உறங்குகிறதா? – ஒரு மின்வழங்கியின் வரலாறு



பொத்தானை அழுத்துகிறோம். விளக்கு எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை. உடனே "கணினி செத்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இவ்வாறு தீர்ப்பளிக்கப்பட்டு, வீட்டு மூலையிலும் பள்ளிக் கணினிக்கூடத்தின் பின்னறையிலும் ஒதுக்கப்பட்ட கணினிகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். அவற்றுள் சிலவற்றில் பழுதுற்றது ஓர் உலோகப் பெட்டி மட்டுமே. கடைகளில் 'பவர் சப்ளை' என்று கேட்டு வாங்கும் அதனை மின்வழங்கி என்று தமிழில் அழைக்கலாம். அதன் வரலாற்றை அறிந்தவர்க்கு, எதனை வீட்டில் சோதிக்கலாம், எதனைத் தொடவே கூடாது என்பது எளிதில் விளங்கும். அதன் பொருட்டே இக்கட்டுரை.

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணினியின் உள்ளுறுப்புகளுக்கு வேண்டுவதோ 12, 5, 3.3 வோல்ட் அளவிலான நேர்மின்சாரம். இவ்விரண்டுக்கும் இடையே நின்று மாற்றித் தருவதே மின்வழங்கியின் பணி. 1975ஆம் ஆண்டு வெளிவந்த ஆல்டேர் 8800 கணினியில் இப்பணியைக் கனத்த மின்மாற்றி ஒன்று செய்தது. மிகுதியான மின்னழுத்தம் வெப்பமாக வீணாயிற்று.

இதற்கு மாற்றாக வந்ததே 'சுவிட்சிங்' முறை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பின்னர் அதனை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புவது இதன் உத்தி. வெட்டும் வேகம் கூடக்கூட மின்மாற்றி சிறிதாகலாம், எடையும் குறையும். விண்கலங்களிலும் அளவைக் கருவிகளிலும் முன்னரே பயன்பட்ட இம்முறையை, ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர் 1977ஆம் ஆண்டின் ஆப்பிள் II கணினிக்கு அமைத்துத் தந்தார். அக்கணினிக்கு விசிறியே தேவைப்படவில்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியும் இம்முறையையே பின்பற்றியது. அதன் மின்வழங்கியின் திறன் 63.5 வாட். 1983இன் எக்ஸ்டி கணினியில் அது 130 வாட்டாகவும், 1984இன் ஏடி கணினியில் 192 வாட்டாகவும் உயர்ந்தது.

எடை குறைந்தது, ஆனால், அதற்கு ஒரு விலை இருந்தது. சுவர் மின்சாரம் நேரடியாக நேர்மின்சாரமாக்கப்படுவதால், பெட்டிக்குள் உள்ள பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கி நிற்கிறது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கலாம். உயிரைப் பறிக்கப் போதுமான அளவு அது. ஆகவே, பெற்றோர்களே, மின்வழங்கியின் மூடியை வீட்டில் எக்காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள். பிள்ளைகளைத் திறக்கவும் விடாதீர்கள். பழுது உள்ளே இருப்பின், பெட்டியையே மாற்றுவதுதான் முறை.

பழைய மின்வழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய ஒரு சிவப்பு விசை இருக்கும். 115 வோல்ட் வழங்கும் நாடுகளில் அதனை மாற்றி வைத்தால், உள்ளிருக்கும் சுற்று மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கிக் கொள்ளும். நம் நாட்டில் அவ்விசையை 115இல் வைத்துவிட்டால், இரட்டிப்பாவது 230 அல்லவா? மின்தேக்கிகள் வெடிக்கும் ஓசையோடு அப்பெட்டியின் கதை முடிந்துவிடும். விளையாட்டாக ஒரு சிறுவன் நகர்த்திவிடக் கூடிய விசை அது.

அடுத்த திருப்பம் 1995இல் நேர்ந்தது. அதற்கு முன்னர் கணினியின் பொத்தான் சுவர் மின்சாரத்தையே துண்டித்தது. அவ்வாண்டு இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் முறையிலோ, மின்வழங்கி முழுமையாக அணைவதில்லை. 5 வோல்ட் அளவில் சிறிதளவு மின்சாரத்தைத் தந்துகொண்டு அது விழித்தே இருக்கும். நாம் பொத்தானை அழுத்துவது ஒரு வேண்டுகோள் மட்டுமே. தாய்ப்பலகை அவ்வேண்டுகோளை ஏற்று, பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு இணைத்தால்தான் மின்வழங்கி முழுமையாக இயங்கும். எனவே, இன்று கணினி 'செத்துக்' கிடந்தால், குற்றவாளி மின்வழங்கியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பொத்தானாக இருக்கலாம், அதன் மெல்லிய கம்பியாக இருக்கலாம், தாய்ப்பலகையாகவும் இருக்கலாம்.

இவ்வரலாற்றின் வழியே நாம் சோதிக்கும் வரிசையை அமைத்துக் கொள்ளலாம்.

1. அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள்.

2. நம் நாட்டின் மூன்று கால் பிளக், 1947இல் பிரிட்டனில் வகுக்கப்பட்ட தரத்தின் வழி வந்தது. அதனுள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அது எரிந்திருந்தால் கணினிக்கு எந்தக் குற்றமும் இல்லை. வேறொரு மின்கம்பியை மாற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

3. பின்புறத்து விசையையும், இருந்தால் சிவப்பு விசையையும் கவனியுங்கள்.

4. இவை சரியாக இருந்தால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மின்வழங்கியின் எல்லா இணைப்புகளையும் கணினியிலிருந்து கழற்றுங்கள். பெரிய இணைப்பில் பச்சைக் கம்பியின் துளையையும் அருகிலுள்ள கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். விசிறி சுழன்றால் மின்வழங்கி விழித்துக்கொண்டது என்று பொருள். பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது. எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருந்தாலோ, தயாரிப்பாளர் தமக்கென வேறு அமைப்பைக் கையாண்டிருந்தாலோ இதனைச் செய்யாமல் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

விசிறி சுழல்வதே முழுச் சான்றாகாது. அளவுமானி வைத்திருப்போர் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம். அவ்வெல்லைக்குள் இல்லையென்றால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான். நான்கு திருகாணிகளைக் கழற்றினால் அது வெளியே வந்துவிடும்.

இன்னொரு செய்தியையும் வரலாறு நமக்குச் சொல்கிறது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தயாரான தரங்குறைந்த மின்தேக்கிகள் பல, உலகெங்கும் தலை வீங்கி முன்கூட்டியே பழுதாயின. நல்ல மின்தேக்கியும் வெப்பத்தை அஞ்சும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் நாட்டில், தூசு அடைத்த விசிறியும் சுவரோடு ஒட்டிய பெட்டியும் மின்வழங்கியின் பகைவர்கள்.

கணினிக்குப் பள்ளிகள் காத்துக்கிடந்த காலம் ஒன்று இருந்தது. அதை அறிந்த நாம், ஒரு ஃபியூஸுக்காகவோ ஒரு பெட்டிக்காகவோ முழுக் கணினியையும் கழித்துக் கட்டுதல் முறையன்று. அடுத்த முறை பொத்தான் பேசாதபோது, பிள்ளைகளை அருகில் நிறுத்திக்கொண்டு சாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஏன் என்று அவர்களைக் கேளுங்கள். மூடியைத் திறக்காமல் ஏன் நிறுத்திக்கொள்கிறோம் என்பதையும் மறவாமல் சொல்லிக் கொடுங்கள்.