ஒரு கேபிள், இரண்டு டிஸ்க்: மாஸ்டர்-ஸ்லேவ் பிறந்த கதை

பழைய டெஸ்க்டாப்பில் இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாட்டியவர்களுக்கு அந்த ஜம்பரைத் தெரியும். டிஸ்கின் பின்புறம், பட்டைக் கேபிளுக்கும் பவர் கேபிளுக்கும் நடுவே நிற்கும் பின்களில் இரண்டை இணைக்கும் பிளாஸ்டிக் மூடி அது. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது. கீழே விழுந்தால் தேடித்தான் எடுக்க வேண்டும். அது தவறான இடத்தில் இருந்தால், பயாஸ் எனும் தொடக்க மென்பொருள் இரண்டு டிஸ்கையுமே காணவில்லை என்று சொல்லிவிடும்.

இந்த ஜம்பர் ஏன் வந்தது என்று அறியக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் ஹார்டு டிஸ்க் என்பது மோட்டாரும் ஹெட்டும்தான். அதை நடத்திய கன்ட்ரோலர், வெஸ்டர்ன் டிஜிட்டல் செய்த தனி கார்டாக ஸ்லாட்டில் இருந்தது. ஒரு கார்டு, அதன் கீழ் இரண்டு டிஸ்க். எந்த டிஸ்கைக் கூப்பிடுகிறது என்பதற்குக் கேபிளிலேயே தனித்தனிக் கம்பி உண்டு. தொல்லை வேறிடத்தில் இருந்தது. ஒரு கார்டில் ஃபார்மேட் செய்த டிஸ்கை வேறு கம்பெனிக் கார்டில் மாட்டினால் பெரும்பாலும் படிக்காது.

1986-இல் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல், கன்ட்ரோல் டேட்டா ஆகிய மூன்று நிறுவனங்களின் கூட்டு வேலையில் கன்ட்ரோலர் டிஸ்கின் மேலேயே ஏறியது. அதுதான் ஐடிஇ. பயாஸில் கை வைக்க வேண்டாம் என்பதற்காக, பழைய கார்டு இருந்த அதே முகவரியில் டிஸ்க் பதில் சொன்னது. கார்டு போனதையே பயாஸ் அறியவில்லை. எனக்கு இன்றும் வியப்பு தருவது இந்த ஏற்பாடுதான்.

ஆனால் இரண்டாவது டிஸ்கைச் சேர்த்தால், ஒரே முகவரியில் இரண்டு கன்ட்ரோலர். ஒவ்வொரு கட்டளையும் இரண்டுக்கும் போய்ச் சேரும். ஒரே வீட்டில் இரண்டு ராஜா இருந்தால் பெரிய ராஜா, சின்ன ராஜா என்று பிரித்துக் கூப்பிடுவோமே, அதேதான் இங்கும். கட்டளையோடு போகும் ஒரு பிட் பூஜ்யம் என்றால் அது மாஸ்டருக்கு, ஒன்று என்றால் ஸ்லேவுக்கு. தன் எண் எது என்பதை டிஸ்குக்குச் சொல்வது ஜம்பர். இரண்டையும் மாஸ்டராக வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, டேட்டா கம்பிகளில் மோதிக்கொள்ளும்.

1994-இல் ஏடிஏ என்ற பெயரில் இது தரமானது. பிறகு வேகம் வினாடிக்கு 66 மெகாபைட்டுக்கு ஏறியபோது கேபிளில் 80 கம்பிகள் வந்தன. பின்கள் அதே 40தான். கூடுதல் 40 கம்பியும் சிக்னல் கம்பிகளுக்கு நடுவே ஓடும் கிரவுண்ட். இந்தக் கேபிளின் நடு பிளக்கில் 28-ஆம் பின்னுக்கு மட்டும் இணைப்பு இருக்காது. ஜம்பரைக் கேபிள் செலக்ட் என்ற நிலையில் போட்டால், அதை வைத்தே நடுவில் இருப்பது ஸ்லேவ், முனையில் இருப்பது மாஸ்டர் என்று முடிவாகிவிடும். 2003 வாக்கில் பரவத் தொடங்கிய சாட்டா என்ற புதிய இணைப்பில் ஒரு கேபிளுக்கு ஒரே டிஸ்க். பிரித்துக் கூப்பிட வேண்டிய அவசியமே போயிற்று.

இன்றும் பழைய பெட்டியைத் திறந்து குடும்பப் படங்களை மீட்க உட்காருகிறவர்கள் 80 கம்பிக் கேபிளின் நீல பிளக்கை மதர்போர்டில் மாட்டட்டும். டிஸ்க் ஒன்றே என்றால் அதற்கு முனையிலுள்ள கறுப்பு பிளக். நடுவில் மாட்டி முனையைத் தொங்கவிட்டால், சிக்னல் அந்த வெற்று முனையில் மோதித் திரும்பி வந்து, படிக்கிற டேட்டாவைக் கெடுக்கும்.