ஓவியம் படித்தவர்கள் என்ன ஆனார்கள்?

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் படித்து முடித்தவர்களையும் அது விடவில்லை. ஓவியம் வாங்க ஆள் குறைவு. வேறு வேலைக்குப் போனால் வரைய நேரமில்லை.

அங்கேயே படித்து அதற்கே முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் ஒரு வழி காட்டினார். கைவினைப் பொருட்கள் செய்து விற்பது! மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாட்டிக் துணிகள் நன்றாக விலை போயின. அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரம், நிலம் வாங்கினார்கள். 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. பெரும்பாலும் அந்தப் பள்ளி மாணவர்களான சுமார் 30 பேர் சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் குடிசைகள்தான்.

1977ல் பணிக்கர் மறைந்தார். கிராமம் நிற்கிறது. துணி விற்ற காசு நிலமானது. நிலம் வரைய நேரம் தந்தது. முதலீடு என்றால் இதுவும்தான்.